பார்வை தெளிவாக இருக்கும்போதே எடுக்க வேண்டிய படம்

பத்தமடையில் பாய் நெய்யும் அம்மையார் ஒருவர் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்ச் சிகிச்சைக்காக நம் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருக்கிறார். வயது ஐம்பதைக் கடந்தவர். அவருடைய இசைவுடன் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அவரை விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ளுமாறு கூறினேன். அவர் சிரித்தார். "பாவுல ஒரு இழை அத்துப்போனாலும் நான் கண்டுபிடிச்சிருவேன் டாக்டர். எனக்கு என்னத்துக்குக் கண்ணுக்குப் படம்?" என்று கேட்டார்.

அந்த ஆண்டு அவர் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் காலை மகனுடன் வந்தார். வலது கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் ஓடுவதாகவும், இரண்டு நாட்களில் அவை புகைமூட்டமாகப் பரவி எதையும் மறைத்துவிட்டதாகவும் சொன்னார். விழித்திரையிலிருந்து கசிந்த இரத்தம் கண்ணுக்குள் நிறைந்திருந்தது.

அன்றைய பரிசோதனையில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அவருடைய இடது கண். அந்தக் கண்ணால் எழுத்து அட்டையின் கடைசி வரி வரை தடையின்றிப் படித்தார். ஆனால் அதே கண்ணின் விழித்திரைப் படத்தில், எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய புதிய இரத்தக் குழாய்கள் படர்ந்திருந்தன. வலது கண்ணுக்கு நேர்ந்தது இடது கண்ணுக்கும் நேரவிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. முதல் ஆண்டில் அவருடைய சீட்டில் நான் எழுதியவை 'கண் பரிசோதனை' என்ற இரண்டே சொற்கள். நன்றாகத் தெரியும் கண்ணுக்கு ஏன் பரிசோதனை என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அன்று நான் அதற்கு உரிய விடை அளிக்கவில்லை. அந்த விடையை இந்தக் கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

விழித்திரையில் நடப்பது என்ன?

கண்ணின் உட்புறத்தில் பின்சுவரை ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். நாம் காணும் காட்சி அதன்மீது விழுந்து, நரம்பின் வழியாக மூளைக்குச் செல்கிறது. அதன் நடுவே உள்ள ஒரு சிறு பகுதிதான் எழுத்தைப் படிக்கவும், முகத்தை அடையாளம் காணவும், ஊசியில் நூல் கோக்கவும் உதவுகிறது. அதை மையப்பகுதி என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

விழித்திரைக்கு இரத்தம் பாயும் முறையை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம். தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய், கிளை வாய்க்கால்களாகவும் மடைகளாகவும் பிரிந்து பத்தமடை வயல்களை அடைகிறது. கண்ணுக்குள் நுழையும் இரத்தக் குழாயும் அவ்வாறே கிளை கிளையாகப் பிரிந்து, இறுதியில் தலைமுடியைவிட மெல்லிய நுண்குழாய்களாகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் முதலில் கெடுபவை இந்தக் கடைமடை நுண்குழாய்களே.

கேடு மூன்று வகையில் நிகழ்கிறது. முதலாவதாக, குழாய்ச் சுவர் வலுவிழந்து ஆங்காங்கே சிறு குமிழ்களாகப் புடைக்கிறது. படத்தில் இவை சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டாவதாக, பலவீனமான கரையில் நீர் கசிவதுபோல, குழாய்களிலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. இந்தக் கசிவு மையப்பகுதியில் தேங்கினால் அங்கு வீக்கம் உண்டாகிப் பார்வை மங்குகிறது. மூன்றாவதாக, நுண்குழாய்கள் அடைபட்டு, விழித்திரையின் சில பகுதிகளுக்கு இரத்தம் செல்வது நின்றுவிடுகிறது. பட்டினி கிடக்கும் அப்பகுதிகள் புதிய குழாய்கள் வளரத் தூண்டும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதனால் முளைக்கும் குழாய்கள் உறுதியற்றவை. அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் நிறையும். அவற்றைச் சுற்றி வளரும் தழும்புத் திசு சுருங்கினால், விழித்திரையே சுவரிலிருந்து பிரிந்துவிடக்கூடும்.

பாதிப்பு இருந்தும் ஏன் தெரிவதில்லை?

இம்மாற்றங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்கின்றன. மையப்பகுதி பாதிக்கப்படாத வரை படிப்பதிலும் நெய்வதிலும் எந்தக் குறையும் தோன்றாது. வலியை உணரும் நரம்புகள் விழித்திரையில் இல்லை. ஆகவே வலி, சிவப்பு, நீர் வடிதல் என்று எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு கண்ணில் குறை ஏற்பட்டாலும் மற்றொரு கண் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஒரு கண்ணைத் தற்செயலாகப் பொத்திப் பார்க்கும் நாளில்தான் பலருக்கு உண்மை தெரியவருகிறது.

கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையைப் படித்துவிட்டு, "கண் நன்றாக இருக்கிறது" என்று நிம்மதி அடைபவர்கள் பலர். அட்டை அளவிடுவது மையப்பார்வையின் கூர்மையை மட்டுமே. விழித்திரையின் உடல்நிலையை அது காட்டாது. அதை அறிய விழித்திரையையே பார்க்க வேண்டும்.

படம் எடுக்கும் முறை

1851ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கருவி, உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர் நேரில் காண வழி செய்தது. அந்தப் பார்வையைப் படமாகப் பதிவு செய்வதே விழித்திரைக் கேமராவின் வேலை. அறுவையின்றி, உயிருள்ள இரத்தக் குழாய்களை நேரடியாகக் காணக்கூடிய இடங்களுள் இதுவும் ஒன்று.

பரிசோதனை எளியது. மோவாயையும் நெற்றியையும் கருவியில் பொருத்தி அமர வேண்டும். உள்ளே தெரியும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு மின்னல் போன்ற வெளிச்சம் தோன்றும்; படம் பதிவாகிவிடும். பொதுவாக ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று அல்லது இரண்டு படங்கள் எடுக்கப்படும். சில நிமிடங்களே ஆகும். ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, கருவி கண்ணைத் தொடுவதுமில்லை. கையில் சாயமருந்து செலுத்தி எடுக்கப்படும் படம் வேறொரு பரிசோதனை. அது தேவைப்படுவோருக்கு மட்டும் கண் மருத்துவர் பரிந்துரைப்பது.

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாவை சிறியதாக இருந்தால், அதை விரிக்கச் சொட்டு மருந்து இடுவோம். அதன்பின் சில மணி நேரம் அருகிலுள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அதனால் அன்று இருசக்கர வாகனம் ஓட்டி வர வேண்டாம். துணைக்கு ஒருவருடன் வாருங்கள். கண் அழுத்த நோய் இருப்பதாக முன்பே யாரேனும் கூறியிருந்தால், சொட்டு மருந்து இடுவதற்கு முன்னரே தெரிவியுங்கள். உணவையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்த வேண்டியதில்லை.

யார், எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும்?

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே முதல் படம் எடுக்க வேண்டும். இந்த வகை நோய், கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் தொடங்கியிருக்கலாம் என்பதே காரணம். "எனக்கு இப்போதுதானே சர்க்கரை வந்தது" என்று தள்ளிப்போட இடமில்லை. இளம் வயதில் இன்சுலின் தேவைப்படும் முதல் வகையில், நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் படம் எடுக்கலாம். அதன்பின் இரு வகையினரும் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

சிலர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பும், கருவுற்ற முதல் மூன்று மாதங்களிலும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கருவுற்ற காலத்தில் இப்பாதிப்பு விரைந்து வளரக்கூடும். கருவுற்றபோது மட்டும் புதிதாகத் தோன்றும் சர்க்கரைக்கு இவ்விதி பொருந்தாது. சிறுநீரகப் பாதிப்போ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கும் கண் பாதிப்பின் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு நிலையும் உண்டு. நெடுங்காலம் சர்க்கரை மிகுதியாக இருந்து, இன்சுலின் போன்ற மருந்தால் அது விரைவாகக் குறையும்போது, முன்பே உள்ள விழித்திரைப் பாதிப்பு தொடக்கத்தில் சற்று மோசமாகலாம். அதற்கு அஞ்சி மருந்தைத் தவிர்ப்பது தவறு; நீண்டகால நன்மை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆனால் அத்தகைய சிகிச்சையைத் தொடங்கும் முன் ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது.

முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது?

'பாதிப்பு இல்லை' என்றால், ஓராண்டு கழித்து மீண்டும் படம் எடுக்க வேண்டும். இது இன்றைய நிலையைக் கூறும் செய்தி மட்டுமே. அடுத்த ஆண்டுக்கான உத்தரவாதமாக அதைக் கொள்ளக் கூடாது.

'தொடக்கநிலைப் பாதிப்பு' என்றால், பெரும்பாலும் கண்ணுக்குச் சிகிச்சை தேவைப்படாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டிய நேரம் இது. அடுத்த படம் எப்போது என்பதை மருத்துவர் கூறுவார். அது ஓராண்டைவிடக் குறைவாக இருக்கலாம்.

'கண் மருத்துவரிடம் செல்க' என்றால், பாதிப்பு வளர்ந்துள்ளது அல்லது மையப்பகுதியில் வீக்கம் இருக்கலாம் என்று பொருள். குறிப்பிட்ட நாளுக்குள் செல்லுங்கள். திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும், மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

'படம் தெளிவாக இல்லை' என்பது நான்காவது முடிவு. இதையே பலரும் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். கண்புரை இருந்தாலோ, பாவை விரியாவிட்டாலோ படம் மங்கலாக வரும். இதற்கு நோய் இல்லை என்று பொருள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்க முடியவில்லை என்பதே பொருள். இவர்களும் கண் மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும்.

படத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது கண் அழுத்தத்தை அளவிடாது. கண்ணாடி எண்ணைச் சொல்லாது. விழித்திரையின் கடைசி ஓரம் வரை காட்டாது. முழுமையான கண் பரிசோதனைக்கு இது மாற்றாகாது. யாருக்கு அந்தப் பரிசோதனை விரைவாகத் தேவை என்று பிரித்துக் காட்டும் சல்லடை என்று கொள்ளலாம்.

இது பயன் தரும் என்பதற்குச் சான்று

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. சென்னை நகரில் சங்கர நேத்ராலயா நடத்தி, 2009இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயுள்ள நாற்பது வயது கடந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது. இத்தனை பேரையும் கண் மருத்துவர்கள் ஆண்டுதோறும் ஒவ்வொருவராகப் பார்ப்பது இயலாத செயல். படத்தை ஓரிடத்தில் எடுத்து, நிபுணர் வேறோர் இடத்திலிருந்து பார்த்துச் சொல்லும் முறை அதனால்தான் வளர்ந்தது.

நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கு இதில் ஓர் இடம் உண்டு. 1988 முதல் நெல்லையில் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், அரசு மருத்துவ நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியரை இப்பரிசோதனையில் ஈடுபடுத்திய அனுபவத்தை 2020இல் இந்தியக் கண் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் இடத்திலேயே கண்ணுக்கும் படம் எடுக்க முடிந்தால், தனியாக ஒரு நாள் வேலையையும் கூலியையும் இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. விழித்திரைப் படத்தின் பெரும் நன்மை இதுவே.

படத்தைக் கணினியே வாசிக்கும் முறையும் வந்துவிட்டது. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அப்படங்களில் ஒரு பகுதி அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. கணினி சொன்னாலும் மருத்துவர் சொன்னாலும், 'மேல் பரிசோதனை தேவை' என்ற முடிவுக்குப் பின் நீங்கள் செல்ல வேண்டிய இடம் கண் மருத்துவரின் அறைதான்.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு முதல், சர்க்கரை நோயாளிகள் அனைவரையும் விழித்திரைப் படத்துக்கு அழைக்கும் தேசியத் திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சுமார் ஐம்பது ஆண்டுகளாக, உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு அங்கு முதன்மையான காரணமாக இருந்தது சர்க்கரை நோய். 2009-10ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. ஆண்டுதோறும் படம் எடுத்ததும், சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

சிகிச்சையைப் பற்றிய அச்சம்

"லேசர் வைத்தால் உள்ள பார்வையும் போய்விடும்" என்று நம் பகுதியில் பலர் சொல்லக் கேட்கிறேன். அவர்கள் குறிப்பிடும் உறவினர் பெரும்பாலும் மிகத் தாமதமாக வந்தவர். பார்வையைப் பறித்தது நோய், பழி விழுந்தது லேசர்மீது. முற்றிய பாதிப்புக்கு லேசர் சிகிச்சை செய்தால் கடுமையான பார்வை இழப்பின் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்பதை, அமெரிக்காவில் நடந்து 1976இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு நிறுவியது. லேசரால் இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையலாம் என்பது உண்மை. மையப் பார்வையைக் காக்க நாம் கொடுக்கும் விலை அது.

மையப்பகுதி வீக்கத்துக்கு இப்போது கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து பயன்படுகிறது. கேட்கவே அச்சம் தரும் சொல் இது. கண்ணை மரக்கச் செய்த பின்னரே ஊசி போடப்படும். பெரும்பாலோர் ஓர் அழுத்தத்தை மட்டுமே உணர்கின்றனர். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும்; பாதியில் நிறுத்தினால் வீக்கம் திரும்பக்கூடும். கண்ணுக்குள் இரத்தம் நிறைந்தாலோ விழித்திரை பிரிந்தாலோ அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் பொதுவாகச் சொன்னால், இருக்கும் பார்வையைக் காப்பது எளிது. இழந்ததை மீட்பது கடினம்.

கண் சிகிச்சை நடந்தாலும் அடிப்படை மருத்துவம் சர்க்கரைக் கட்டுப்பாடுதான். 1993இல் வெளிவந்த, முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகையினருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுக்குள் வைத்தால் பயன் உண்டு என்று பின்வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது.

குடும்பத்தாருக்குச் சில வேண்டுகோள்கள்

நோயாளிக்குப் பார்வைக் குறை தெரியாது என்பதால், இந்நோயில் நினைவூட்டுபவரின் பங்கு பெரிது. சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில், கடைசியாக விழித்திரைப் படம் எடுத்த நாளையும் அடுத்து எடுக்க வேண்டிய நாளையும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். படத்தின் முடிவுச் சீட்டை இரத்தப் பரிசோதனைத் தாள்களுடன் சேர்த்தே வையுங்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றால் அதையும் காட்டுங்கள். மாதம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி நாள்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். இது படத்துக்கு ஈடாகாது. ஆனால் ஒரு கண் மங்குவதை விரைவில் காட்டிக்கொடுக்கும்.

திடீரெனக் கறுப்புப் புள்ளிகளோ நூல்களோ மிதந்தால், மின்னல் வெட்டுவதுபோல் தோன்றினால், திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்தால், நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், அடுத்த படத்தின் தேதி வரை காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மையாருக்கு வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆட்களை அடையாளம் காணும் அளவுக்குப் பார்வை திரும்பியது. நூலை எண்ணும் அளவுக்குத் திரும்பவில்லை. இடது கண்ணுக்கு உரிய நேரத்தில் லேசர் செய்யப்பட்டதால் அந்தப் பார்வை நிலைத்திருக்கிறது. நுண்ணிய பாய்களை இப்போது அவர் நெய்வதில்லை; சற்றுப் பருமனான கோரையில் வேலை செய்கிறார். சென்ற முறை வந்தபோது தம் தங்கையையும் அழைத்து வந்திருந்தார். தங்கைக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டு நான்கு மாதங்களே ஆகியிருந்தன. "இவளுக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியுது டாக்டர், அதான் இப்பவே கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

உங்கள் நோட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் விழித்திரைப் படம் எடுத்த குறிப்பு அதில் இல்லையென்றால், அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும்போது, மருத்துவர் சொல்லும் வரை காத்திராமல் நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.